‘இன்டர்னல் எரர்’ வந்தால் தப்பு யார் மேல்? டேட்டாபேஸ் தன் பிழைகளை எப்படிப் பிரித்துச் சொல்ல வேண்டும்?

போனில் பணம் அனுப்புகிறீர்கள். திரையில் வட்டம் சுற்றுகிறது. பிறகு ஒரே ஒரு வரி வருகிறது: “ஏதோ தவறு நடந்துவிட்டது. பிறகு முயற்சிக்கவும்.”

என்ன தவறு? யாருடைய தவறு? பின் நம்பரை நாம் மாற்றிப் போட்டுவிட்டோமா, பேங்க் சர்வர் படுத்துவிட்டதா? பணம் போய்விட்டதா, போகவில்லையா? இன்னொரு தடவை அழுத்தலாமா, கூடாதா? அந்த ஒரு வரியில் இது எதற்குமே பதில் இல்லை.

இந்த மாதிரி வரிகளுக்குப் பின்னால் பல நேரம் ஒரு டேட்டாபேஸ் இருக்கும். அது தன் பக்கம் என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லியிருந்தால், ஆப்பும் நமக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கும். அது சரியாகச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு பெரிய சமூக வலைதளமே இரண்டரை மணி நேரம் முடங்கிய சம்பவம் உண்டு.

பிழைகளை எப்படி வகைப்படுத்த வேண்டும், யாரிடம் எதைச் சொல்ல வேண்டும், ‘இன்டர்னல் எரர்’ என்பதற்கு உண்மையில் என்ன அர்த்தம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டேட்டாபேஸ் என்ன செய்கிறது?

டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளம் ஒரு கணக்குப் பிள்ளை மாதிரி. கேட்டதை எழுதி வைக்கும், கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும், ஒரே கணக்கை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளும்.

வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவை ஓடுகின்றன. உங்கள் கையில் இருக்கும் போனுக்குள்ளேயும் எஸ்க்யூலைட் என்ற குட்டி டேட்டாபேஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. உங்கள் வாட்ஸ்அப் மெசேஜ்கள் போனில் சேமிக்கப்படுவது அதில்தான்.

கேட்ட வேலையைச் செய்ய முடியாதபோது இந்தக் கணக்குப் பிள்ளை ‘எரர்’ என்று பதில் தரும். அந்தப் பதிலில் முக்கியமாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: அடுத்து யார் என்ன செய்ய வேண்டும்?

ரேஷன் கடை கவுன்ட்டரில் ஐந்து பதில்கள்

ரேஷன் கடைக்கு அரிசி வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி கிடைக்கவில்லை. ஆனால் கவுன்ட்டரில் இருப்பவர் சொல்லக்கூடிய பதில் ஐந்து விதமாக இருக்கலாம்.

• “உங்க கார்டு நம்பர் தப்பா இருக்கே.” இது நீங்கள் திருத்த வேண்டிய தப்பு. நூறு தடவை வரிசையில் நின்றாலும் அதே பதில்தான்.

• “உங்க கார்டுக்கு பக்கத்து கவுன்ட்டர்ல பில் போட்டுட்டு இருக்காங்க, ரெண்டு நிமிஷம் இருங்க.” இதில் யார் மேலும் தப்பு இல்லை. காத்திருந்து மறுபடி கேட்டால் வேலை முடியும்.

• “மூட்டை தீர்ந்துபோச்சு.” இதை நீங்கள் சரிசெய்ய முடியாது. குடோனுக்குச் சொல்ல வேண்டும்.

• “கையிருப்பு மைனஸ் பத்து கிலோன்னு காட்டுது. இப்படி ஒரு கணக்கு வரவே கூடாதே!” புத்தகமே குழம்பியிருக்கிறது. இதற்கு மேல் பில் போட்டால் குழப்பம் கூடும்.

• “பில் அழுத்தினேன், அதுக்குள்ள கரன்ட் போயிடுச்சு. பதிவாச்சா இல்லையான்னு தெரியல.” இது எல்லாவற்றையும் விட சங்கடமான பதில்.

ஐந்துக்கும் சேர்த்து “இல்லை, போயிட்டு அப்புறம் வாங்க” என்று சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்? மோசமான மென்பொருள் செய்வது அதைத்தான்.

இதே மாதிரி பிரிப்பு நம் பணப் பரிமாற்றத்திலும் இருக்கிறது. யுபிஐ அமைப்பை நடத்தும் என்பிசிஐ, தோல்வியடைந்த பரிவர்த்தனைகளை ‘பிசினஸ் டிக்ளைன்’, ‘டெக்னிக்கல் டிக்ளைன்’ என்று இரண்டாகப் பிரித்து வங்கி வாரியாக வெளியிடுகிறது. தவறான பின், வரம்பை மீறிய தொகை போன்றவை முதல் வகை. வங்கியின் சர்வரோ நெட்வொர்க்கோ வேலை செய்யாமல் போனால் இரண்டாவது வகை. இப்படிப் பிரித்ததால்தான் எந்த வங்கியின் சிஸ்டம் சரியில்லை என்பது வெளியே தெரிகிறது. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகப் போட்டிருந்தால், எல்லாப் பழியும் ‘வாடிக்கையாளர் பின் தப்பாகப் போட்டிருப்பார்’ என்பதற்குள் மறைந்துபோயிருக்கும்.

ஐந்து எழுத்தில் ஒரு ஜாதகம்

டேட்டாபேஸ் உலகில் இந்தப் பிரிப்புக்கு ஒரு பொதுவான முறை உண்டு. பழைய காலத்தில் ‘எஸ்க்யூஎல்கோட்’ என்று வெறும் ஒரு எண் இருந்தது. பூஜ்யம் என்றால் வேலை முடிந்தது, 100 என்றால் தரவு இல்லை, மைனஸில் வந்தால் பிழை. எந்த மைனஸ் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது.

1992-ல் வந்த எஸ்க்யூஎல் தரநிலை ‘எஸ்க்யூஎல்ஸ்டேட்’ என்ற ஐந்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு எழுத்து குடும்பப் பெயர் மாதிரி, கடைசி மூன்று எழுத்து ஆளின் பெயர் மாதிரி. போஸ்ட்கிரெஸ் இதை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும்.

• 22, 23, 42 என்று தொடங்கினால், பெரும்பாலும் கேட்டவர் பக்கம் கவனிக்க வேண்டிய பிழை. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து, ஏற்கனவே பதிவான ஒன்றை மறுபடி பதிவு செய்வது, கட்டளையில் எழுத்துப் பிழை, அனுமதி இல்லாமை போன்றவை. உதாரணமாக 23505 என்றால் ‘இது ஏற்கனவே இருக்கிறது’.

• 40001 அல்லது 40பி01 என்றால் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மொத்த வேலையையும் முதலிலிருந்து மறுபடி செய்தால் போதும்.

• 53 என்று தொடங்கினால் வளம் தீர்ந்துவிட்டது. 53100 என்றால் டிஸ்க் நிறைந்துவிட்டது. 53200 என்றால் மெமரி போதவில்லை. 53300 என்றால் இணைப்புகள் அதிகம். இந்தக் கடைசி பிழைக்கு போஸ்ட்கிரெஸ் தரும் செய்தி, ‘மன்னிக்கவும், ஏற்கனவே நிறைய பேர் இருக்கிறார்கள்’ என்கிற தொனியில் இருக்கும்.

• எக்ஸ்எக்ஸ் என்று தொடங்கினால்? அதுதான் ‘இன்டர்னல் எரர்’. எக்ஸ்எக்ஸ்000 பொதுவான உள் பிழை, எக்ஸ்எக்ஸ்001 தரவு சிதைந்திருக்கிறது, எக்ஸ்எக்ஸ்002 இன்டெக்ஸ் சிதைந்திருக்கிறது.

குறியீடு எதற்கு, வாக்கியம் போதாதா என்று கேட்கலாம். வாக்கியம் மனிதருக்கு, குறியீடு இயந்திரத்துக்கு. அடுத்த பதிப்பில் வாக்கியத்தைத் திருத்துவார்கள், வேறு மொழியில் மொழிபெயர்ப்பார்கள். ஆப் அந்த வாக்கியத்தை நம்பி முடிவெடுத்தால், ஒரு சொல் மாறியதும் எல்லாம் கவிழ்ந்துவிடும். குறியீடு அவ்வளவு சுலபமாக மாறாது.

அப்போ ‘இன்டர்னல் எரர்’ என்றால் உண்மையில் என்ன?

பலர் நினைப்பது போல இது ‘சர்வரில் ஏதோ பிரச்சினை’ என்பதன் இன்னொரு பெயர் இல்லை. இதற்கு மிகக் கறாரான ஒரு அர்த்தம் இருக்கிறது: இப்படி ஒரு நிலை வரவே வராது என்று மென்பொருளை எழுதியவர் நம்பியிருந்தார், இப்போது அது வந்துவிட்டது.

நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரலுக்குள்ளேயே காவல் போட்டு வைப்பார்கள். இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போகவே கூடாது, இந்தப் பட்டியலில் இந்தப் பெயர் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்றெல்லாம் இடையிடையே சரிபார்க்கும் வரிகள் இருக்கும். அந்தச் சரிபார்ப்பு தோற்றால், ஒன்று மென்பொருளில் குறை இருக்கிறது, அல்லது தரவு சிதைந்திருக்கிறது, அல்லது அடியில் இருக்கும் டிஸ்க், மெமரி ஏதோ ஏமாற்றுகிறது. எப்படிப் பார்த்தாலும் கேட்டவரின் குற்றம் இல்லை.

எஸ்க்யூலைட்டில் 2 என்ற பிழை எண் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒழுங்காக வேலை செய்யும் எஸ்க்யூலைட்டில் ஒரு ஆப் இந்த எண்ணைப் பார்க்கவே கூடாது என்கிறது அதன் விளக்கக் கையேடு. தரவுக் கோப்பு சிதைந்தால் வரும் எண் 11, இடம் தீர்ந்தால் 13, வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருந்தால் 5. ஆப் எஸ்க்யூலைட்டைத் தப்பான முறையில் பயன்படுத்தினால் 21. ‘என் தப்பு’ வேறு, ‘உன் தப்பு’ வேறு என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள்.

ஆரக்கிளில் இதற்கு ‘ஓஆர்ஏ-00600’ என்று பெயர். ஆரக்கிள் டேட்டாபேஸை நிர்வகிப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். இந்த எண்ணோடு அடைப்புக்குறிக்குள் சில குறிப்புகளும் வரும். நிரலின் எந்தப் பகுதியில் சரிபார்ப்பு தோற்றது என்பதை அதில் முதல் குறிப்பு காட்டும். அதை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்குப் போக வேண்டும். பயனர் தானாகச் சரிசெய்யும் விஷயம் இல்லை அது.

பெட்டி மாறினால் என்ன ஆகும்?

பிழையைத் தப்பான பெட்டியில் போடுவது மூன்று விதமாக நடக்கும். மூன்றுக்கும் உண்மையான உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, சாதாரண விஷயத்தை ‘இன்டர்னல் எரர்’ என்று சொல்வது. போஸ்ட்கிரெஸின் நிரலில் பிழை சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பயனர் பார்க்கப்போகும் பிழைகளுக்கு. குறியீடு, விவரம், ஆலோசனை எல்லாம் அதில் சேர்க்கலாம். இன்னொன்று சுருக்கமான வழி, நடக்கவே கூடாத பிழைகளுக்கு மட்டும். சுருக்கமான வழியில் பிழை சொன்னால், குறியீடு தானாகவே எக்ஸ்எக்ஸ்000 ஆகிவிடும். அந்தச் செய்தியை மொழிபெயர்ப்பதும் இல்லை, ஏனென்றால் அது டெவலப்பருக்கான செய்தி.

ஆனால் ‘நடக்கவே நடக்காது’ என்று நினைத்த சில விஷயங்கள் சாதாரணமாகவே நடந்தன. ஒருவர் ஒரு அட்டவணையை நீக்கும் அதே நொடியில் இன்னொருவர் அதைப் பற்றி விசாரித்தால், ‘உள் பட்டியலில் தேடியது கிடைக்கவில்லை’ என்ற மர்மமான உள் பிழை வரும். உண்மையில் சொல்ல வேண்டியது ‘அந்த அட்டவணை இப்போது இல்லை’ என்பதைத்தான். இப்படிப்பட்ட இடங்கள் பலவற்றைப் பின்னால் வந்த பதிப்புகளில் திருத்தியிருக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய நஷ்டம்? புலி வருது கதைதான். தினமும் பத்து போலி ‘இன்டர்னல் எரர்’ பதிவானால், நிர்வாகி அந்த எச்சரிக்கையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். பதினோராவது தடவை உண்மையிலேயே தரவு சிதைந்திருக்கும்.

இரண்டாவது, ஆபத்தான விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்வது. எஸ்க்யூஎல் சர்வரில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு தீவிர எண் உண்டு. 11 முதல் 16 வரை பயனர் திருத்தக்கூடியவை. 17 முதல் 19 வரை பயனரால் திருத்த முடியாதவை. 20-க்கு மேல் போனால் மிக ஆபத்து. டிஸ்க்கிலிருந்து தரவைப் படிக்க முடியாவிட்டாலோ, படித்த தரவு சிதைந்திருந்தாலோ 823, 824 என்ற பிழைகள் வரும். அவற்றின் தீவிரம் 24. இதுவரை சரி.

ஆனால் முதல் முயற்சியில் படிக்க முடியாமல், மறு முயற்சியில் படித்துவிட்டால் 825 என்ற செய்தி வரும். அதன் தீவிரம் வெறும் 10. அதாவது ‘சும்மா தகவலுக்காக’. படித்தாகிவிட்டது என்பதால் வேலை நிற்கவில்லை, சரிதான். ஆனால் டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. தீவிரம் அதிகமான பிழைகளுக்கு மட்டும் அலாரம் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள். அதனால்தான் அனுபவமுள்ள நிர்வாகிகள் 825-க்கு என்று தனியாக அலாரம் வைக்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு வகைப் பிழையை இன்னொரு வகையாக ஆப் புரிந்துகொள்வது. இதற்குத்தான் ஃபேஸ்புக் பெரிய விலை கொடுத்தது.

இரண்டரை மணி நேரம் முடங்கிய ஃபேஸ்புக்

2010 செப்டம்பர் 23. ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் பலருக்கும் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பார்க்காத மோசமான முடக்கம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

நடந்தது இதுதான். அமைப்பு தொடர்பான மதிப்புகளைச் சரிபார்க்க ஒரு தானியங்கி ஏற்பாடு இருந்தது. வேகத்துக்காக வைத்திருக்கும் தற்காலிகப் பிரதியில் ஒரு மதிப்பு தவறாக இருந்தால், அதை அழித்துவிட்டு டேட்டாபேஸிலிருந்து சரியான மதிப்பை எடுத்து வரும். அன்று மூல மதிப்பிலேயே ஒரு மாற்றம் செய்யப்பட்டது. அதைத் தானியங்கி ஏற்பாடு தவறானது என்று எடுத்துக்கொண்டது. எல்லா கணினிகளும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸை நோக்கி ஓடின. நொடிக்கு லட்சக்கணக்கில் கேள்விகள் குவிய, டேட்டாபேஸ் திணறியது.

இங்கேதான் திருப்பம். டேட்டாபேஸிடமிருந்து ‘முடியவில்லை’ என்று எரர் வந்தபோது, அதையும் ‘மதிப்பு தவறு’ என்றே அந்தக் கணினிகள் புரிந்துகொண்டன. உடனே பிரதியை அழித்தன. பிரதி இல்லாததால் மறுபடி டேட்டாபேஸிடம் போயின. மறுபடி எரர், மறுபடி அழிப்பு. மூலத் தவறைத் திருத்திய பிறகும் இந்தச் சுழல் நிற்கவில்லை. கடைசியில் அந்த டேட்டாபேஸுக்குப் போகும் போக்குவரத்தை மொத்தமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அதாவது தளத்தையே அணைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மக்களை உள்ளே விட்டார்கள்.

‘பதில் தவறு’ என்பதும் ‘பதில் சொல்ல முடியவில்லை’ என்பதும் வேறு வேறு. இந்த ஒரு வேறுபாடு கவனிக்கப்பட்டிருந்தால் அந்தச் சுழல் உருவாகியிருக்காது.

எப்போது தொடரலாம், எப்போது நிறுத்தியே ஆக வேண்டும்?

பிழையின் வகை ஒரு கேள்வி என்றால், அதன் பாதிப்பு எவ்வளவு தூரம் என்பது இன்னொரு கேள்வி. போஸ்ட்கிரெஸ் இதை மூன்று படியாக வைத்திருக்கிறது. ‘எரர்’ என்றால் அந்த வேலை மட்டும் ரத்து. ‘ஃபேட்டல்’ என்றால் அந்த இணைப்பே துண்டிக்கப்படும். ‘பேனிக்’ என்றால் எல்லோருடைய இணைப்பும் துண்டிக்கப்பட்டு, சர்வர் தன்னைத்தானே மீட்டெடுக்கும்.

எல்லோரையும் வெளியே தள்ளுவது கொடுமை போலத் தோன்றும். ஆனால் சில நேரம் அதுதான் சரி என்பதை 2018-ல் வெளிச்சத்துக்கு வந்த ஒரு பிரச்சினை காட்டியது.

தரவை டிஸ்க்கில் உறுதியாக எழுதிவிடு என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்ல ‘எஃப்சிங்க்’ என்ற கட்டளை இருக்கிறது. அது தோற்றால் மறுபடி முயற்சி செய்யலாம் என்பது போஸ்ட்கிரெஸின் நம்பிக்கை. ஆனால் லினக்ஸில் நடந்தது வேறு. எழுத முடியாமல் போனதை ஒரு தடவை எரர் என்று சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்தத் தரவை ‘எழுதியாச்சு’ என்ற கணக்கில் சேர்த்துவிடும் நிலை இருந்தது. இரண்டாவது தடவை கேட்டால் ‘எல்லாம் சரி’ என்று பதில் வரும். தரவோ டிஸ்க்கில் இருக்காது!

2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில் போஸ்ட்கிரெஸ் தன் போக்கை மாற்றியது. அந்தக் கட்டளை தோற்றால் இனி மறு முயற்சி கிடையாது, நேராக ‘பேனிக்’. சர்வர் நின்று, நடந்த மாற்றங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதும். சில நொடிகளோ நிமிடங்களோ சேவை நிற்கும், ஆனால் தரவு சத்தமில்லாமல் காணாமல் போகாது.

தன் கணக்கின் மேலேயே சந்தேகம் வந்த பிறகும் சிரித்துக்கொண்டே பில் போடும் கணக்குப் பிள்ளையை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘தெரியாது’ என்பதும் ஒரு நேர்மையான பதில்

ஐந்தாவது பதில் நினைவிருக்கிறதா? கரன்ட் போன கதை. டேட்டாபேஸிலும் அது உண்டு. 08007 என்ற குறியீட்டுக்கு ‘பரிவர்த்தனையின் முடிவு தெரியவில்லை’ என்று பொருள். 40003 என்றால் ‘கட்டளை முடிந்ததா என்று தெரியவில்லை’.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 40001 வந்தால் தைரியமாக மறுபடி முயற்சி செய்யலாம். அதே 40 குடும்பத்தைச் சேர்ந்த 40003 வந்தால் அப்படிச் செய்யக் கூடாது. முதல் தடவையே வேலை முடிந்திருந்தால், பணம் இரண்டு தடவை போய்விடும். குடும்பப் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஆபத்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. இணைப்பே அறுந்துபோனால் சர்வரால் எந்தக் குறியீட்டையும் அனுப்ப முடியாது. ஆகவே ‘பதில் வரவில்லை’ என்பதை ‘தோல்வி’ என்று ஆப் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்துவிட்டு, ‘இந்த எண் ஏற்கனவே பதிவாகியிருக்கிறதா’ என்று கேட்டு உறுதி செய்துகொள்வதுதான் பாதுகாப்பான வழி.

யுபிஐ ஆப்பில் ‘பெண்டிங்’ என்று வருவதன் பின்னணியும் இதே தர்க்கம்தான். ‘ஃபெயில்டு’ என்று அவசரப்பட்டுச் சொல்வதைவிட, ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்வது நேர்மை. தெரியாத நிலையில் பயனர் நஷ்டப்படக் கூடாது என்பதற்கு விதியும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தனிநபருக்கு யுபிஐ மூலம் அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து, பெறுபவருக்குச் சேரவில்லை என்றால் அதிகபட்சம் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைக்குச் செலுத்திய பணம் என்றால் ஐந்து நாள் அவகாசம்.

யாரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

சரி, பிழையைச் சரியான பெட்டியில் போட்டாச்சு. எல்லா விவரத்தையும் பயனரின் திரையில் கொட்டிவிடலாமா? கூடவே கூடாது.

உள் பிழையின் முழு விவரத்தில் அட்டவணைப் பெயர், கோப்பு இருக்கும் இடம், மென்பொருளின் பதிப்பு எண் எல்லாம் இருக்கும். ஹேக்கருக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. வேண்டுமென்றே தப்பான உள்ளீடு கொடுத்து, வரும் எரர் செய்திகளைப் படித்தே டேட்டாபேஸின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் தாக்குதல் முறை நன்கு அறியப்பட்ட ஒன்று.

ஆகவே பயனருக்கு மூன்றே விஷயம் போதும்: உங்கள் தப்பா, எங்கள் தப்பா? மறுபடி முயற்சி செய்யலாமா? புகார் சொல்ல ஒரு குறிப்பு எண். மற்ற எல்லாம் உள்ளே இருக்கும் ‘லாக்’ எனப்படும் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அதே குறிப்பு எண் அங்கேயும் இருந்தால், பொறியாளர் நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

லாகிலும் கவனம் வேண்டும். ‘இந்த நம்பர் ஏற்கனவே பதிவாகியிருக்கிறது’ என்ற பிழையின் விவரத்தில் அந்த போன் நம்பரே இருக்கும். லாகைப் பார்க்கும் எல்லோருக்கும் அது தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸில் இந்த விவரப் பகுதியை லாகில் எழுதாமல் விடவும் வழி இருக்கிறது.

கடைசியாக, எரர் சரியாக எழுதப்பட்டாலும் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் எடுத்து மீட்டுவிடலாம் என்று போய்ப் பார்த்தால், பேக்கப்பே இல்லை. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது எரர் சொல்லி நின்றுகொண்டிருந்தது. அந்த எரரை மின்னஞ்சலாக அனுப்பவும் செய்தது. ஆனால் அந்த மின்னஞ்சலில் உரிய சான்று இல்லாததால், பெறும் பக்கம் அதை நிராகரித்துவிட்டது.

எரர் சொன்னது, யார் காதிலும் விழவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியால்தான் தப்பித்தார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

நல்ல எரர் ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்?

• மாறாத குறியீடு: இயந்திரம் முடிவெடுக்க.

• எளிய ஒரு வரி: என்ன நடந்தது என்று மனிதருக்குச் சொல்ல.

• விவரம்: எந்த மதிப்பு, எந்த இடம்.

• ஆலோசனை: அடுத்து என்ன செய்யலாம். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் ‘நீங்கள் கேட்டது இதுவா’ என்று போஸ்ட்கிரெஸ் கேட்பது இந்த வகைதான். ஆலோசனை ஊகம்தான் என்பதால் அது உண்மைத் தகவலிலிருந்து தனியாக இருக்க வேண்டும்.

• மறு முயற்சி பற்றிய தெளிவு: செய்யலாம், கூடாது, தெரியாது.

• உள் பிழை என்றால்: நிரலின் எந்த இடம், எந்தப் பதிப்பு, அந்த நேரத்தில் என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது.

மறு முயற்சி செய்யலாம் என்றாலும், உடனே விடாமல் தட்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் இடைவெளியை அதிகமாக்கிக்கொண்டே போக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டாதபடி அந்த இடைவெளியில் கொஞ்சம் ஏற்ற இறக்கமும் வேண்டும். இல்லையென்றால் ஃபேஸ்புக் கதைதான்.

நம்ம போனில் வந்தால் என்ன செய்வது?

‘தவறான பின்’, ‘வரம்பு மீறல்’ என்று வந்தால் அது நாம் திருத்த வேண்டியது. அதையே மறுபடி மறுபடி அழுத்திப் பயனில்லை.

‘சர்வர் பிஸி’ என்று வந்தால் சில நிமிடம் விட்டு முயற்சி செய்யலாம்.

‘பெண்டிங்’ என்று வந்தால், அல்லது பணம் அனுப்பும்போது பதிலே வராமல் திரை நின்றுவிட்டால், உடனே மறுபடி அனுப்ப வேண்டாம். முதலில் வங்கிக் கணக்கையும் பரிவர்த்தனை வரலாற்றையும் பாருங்கள்.

‘இன்டர்னல் எரர்’ என்று வந்தால் அது உங்கள் தப்பு இல்லை. குறிப்பு எண், நேரம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். பின், ஓடிபி இரண்டையும் யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். எரரைச் சரிசெய்ய அவை தேவையே இல்லை.

எந்த மென்பொருளிலும் பிழை வரத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ‘இது உன்னுடையது, இது என்னுடையது, இது எனக்கே தெரியவில்லை’ என்று பிரித்துச் சொல்வது மென்பொருளை எழுதுபவர்கள் கையில் இருக்கிறது. வரிசையில் நிற்பவரை இன்னொரு தடவை வீணாக அலைய விடுவதா, வேண்டாமா என்பது அதைப் பொறுத்துத்தான்.